அமெட்டாதெட்டொஸ்: மாறாததா, மாற்ற முடியாததா?

புதிய ஏற்பாட்டில் இந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டுமே எபிரெயர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், 17, 18 என அடுத்தடுத்த வசனங்களில்.

பிரித்துப் பார்த்தால் எளிது. முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை. 'மெட்டா' இங்கே இடமாற்றத்தைக் காட்டும் முன்னொட்டு. மிச்சம் இருப்பது 'டிதேமி', அதாவது 'வை' என்ற வினையின் வடிவம். அடுப்பு மேடையில் கிடக்கும் அண்டாவைப் பரணுக்கு மாற்றி வைக்கிறோமே, அந்த 'மாற்றி வை'தான் மெட்டாடிதேமி. ஏனோக்கு மரணத்தைக் காணாமல் 'எடுத்துக்கொள்ளப்பட்டான்' என்று எபிரெயர் 11:5 சொல்வதும் இதே வினையால்தான். 'தசை' என்பது 'சதை' ஆவதுபோல எழுத்துகள் இடம் மாறுவதற்கு மொழியியலில் 'மெட்டாதீசிஸ்' என்று பெயர். அதற்கும் வேர் இதுவே.

எகிப்தில் கிடைத்த 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளில் உயில் விவகாரத்தில் இச்சொல் புழங்குகிறது. எழுதியவர் திருத்தாமலே இறந்துவிட்டார். இனி அந்த உயிலில் யாரும் கைவைக்க முடியாது. மூன்றாம் மக்கபேயர் என்ற பழைய யூத நூலிலோ இது எகிப்தின் தாலமி அரசனுக்குப் போகிறது. யூதர்களை மிதித்துக் கொல்ல 500 யானைகளுக்கு மது ஊட்டச் சொல்கிறான். அவனுடைய அந்த 'அமெட்டாதெட்டொஸ்' திட்டம் என்னவாயிற்று? மறுநாள் ஆள் நன்றாகத் தூங்கிப்போனான், அவ்வளவுதான்!

சரி, தமிழுக்கு வருவோம். பழைய திருப்புதல் எனப்படும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் 'மாறாத நிச்சயத்தை' என்றும் 'இரண்டு மாறாத விசேஷங்களினால்' என்றும் இருக்கிறது. அந்த இரண்டு விசேஷங்கள் கடவுளின் வாக்குத்தத்தமும் அதன்மேல் அவர் இட்ட ஆணையும். 'மாறாத' தவறில்லை, காதுக்கும் இதம். ஆனால் அது தன்வினை. தானாக மாறாது என்பதோடு நின்றுவிடுகிறது. கிரேக்கச் சொல்லில் இருப்பது வைத்த இடத்திலிருந்து எவராலும் நகர்த்த முடியாது என்ற பொருள். அதனால் 'மாற்றவியலாத' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'பெயர்க்கவொண்ணாத' இன்னும் நெருக்கம்தான், ஆனால் இன்று யார் அப்படிப் பேசுகிறார்கள்?

அப்புறம், எபிரெயர் 7:24-இல் 'மாறிப்போகாத ஆசாரியத்துவம்' என்று வருவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மூலச்சொல் 'அபராபடொஸ்'. அதன் வேர் 'வை' அல்ல, 'நட'.