உருண்டையெல்லாம் முட்டை அல்ல

குஜராத்தின் மகிசாகர் மாவட்டத்தில், பாலாசினோரை அடுத்து ராயோலி என்ற சிற்றூர் இருக்கிறது. அகமதாபாத்திலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. ராஜாசாரஸ் என்று 2003 இல் பெயரிடப்பட்ட ஊனுண்ணி டைனோசரின் எலும்புகள் இப்பகுதியில் எடுக்கப்பட்டவைதாம். ஆனால் இங்கே போகிறவர் நின்று பார்க்க வேண்டியது கல்லாகிப்போன டைனோசர் முட்டைகளை.

கோழிமுட்டை போல முழுசாக ஒன்று கிடக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான். கண்ணுக்குப் படுவது தட்டையான பாறைமுகத்தில் ஒரு வட்டம், பெரும்பாலும் அரைவட்டம். பாறை தேயும்போது முட்டையும் கூடவே தேய்ந்து, குறுக்கே வெட்டியது போலத் தெரிகிறது. அந்த வட்டத்தின் விட்டத்தை முட்டையின் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 16 செ.மீ. விட்டமுள்ள முட்டை, மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி வெட்டுப்பட்டால் 12.5 செ.மீ. வட்டமாகத்தான் தெரியும்.

இவற்றில் பெரும்பாலானவை டைட்டனோசர்கள் என்னும் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளுடையவை. முட்டைகளை அவை மண்ணில் புதைத்தே இட்டிருக்க வேண்டும். ஓட்டில் நுண்துளைகள் மிகுதியாக இருப்பது அதற்கான சான்று: ஈரமண்ணுக்குள் கிடக்கும் கருவுக்கு மூச்சுக்காற்று போக வேண்டுமே. ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. புளிப்புத்தன்மையுள்ள மண்ணாக இருந்திருந்தால் கரைந்தே போயிருக்கும். ராயோலியில் முட்டைகள் கிடக்கும் பாறை அடுக்கான லமேட்டா படிவத்திலோ சுண்ணாம்புச் சத்து ஏராளம். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வந்த மண்ணில், நிலத்தடி நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு முட்டைக்குள்ளும் வெளியும் இறுகியது. பின்னர் தக்காணத்தின் எரிமலைக் குழம்பு மேலே பரவி மூடியது.

காப்பாற்றிய அதே சுண்ணாம்புதான் ஆளைக் குழப்பவும் செய்கிறது. நம்மூரில் சுக்கான்கல் என்போமே, அது உருண்டை உருண்டையாகத் திரளும். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறையும் வெங்காயம் போலப் படலம் படலமாக உரிந்து உருண்டையாகும். எனவே வடிவத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். முட்டை என்றால் 1 முதல் 3 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு ஓடு, சீரான கோடாக ஓடும். பல அடுக்குகள் இருந்தால் சந்தேகப்படலாம். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி இருந்தால், ஓட்டின் குறுக்குவெட்டில் அடியிலிருந்து மேல்நோக்கி விசிறி போல விரியும் படிகங்களையும், வெளிப்பரப்பில் கடுகு கடுகான புடைப்புகளையும் காணலாம். சுக்கான்கல்லில் இரண்டும் இருக்காது. சுண்ணாம்பைக் கண்டறிய விடும் அமிலச் சொட்டு இங்கே உதவாது; ஓடும் பொங்கும், சுற்றியுள்ள பாறையும் பொங்கும்.

காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போனால் புடைப்புகளின் நிழல் விழுந்து ஓடு துலங்கும்; உச்சிவெயிலில் எல்லாமே வெளிறிவிடும். படம் எடுக்கும்போது பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் விட்டம் 27 மி.மீ. உடைந்த ஓட்டுத்துண்டைப் பையில் போட்டுக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். எந்த அடுக்கில், எந்த முட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், அது வெறும் சுண்ணாம்புச் சில்லு.

இதே விழிப்பு பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இன்னும் அதிகம் தேவை. 2020 இல் குன்னத்தில் வெளிப்பட்ட பெரிய உருண்டைகள் டைனோசர் முட்டைகள் என்று ஊரெங்கும் பரவின. நேரில் பார்த்த புவியியலாளர்கள் அவை அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றனர். அம்மோனைட் கடல்வாழ் உயிரி. டைனோசரோ தரையில் முட்டையிட்டது. அங்குள்ள, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியக் காலத்துப் பாறைகளில் பெரும்பகுதி கடலடியில் படிந்தவை. கல்லமேடு போல ஆறு கொண்டுவந்த வண்டல் அடுக்குகள் சிலவே. டைனோசர் எலும்புகள் கல்லமேட்டில் கிடைத்ததற்கும் அதுவே காரணம்.