டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட்: பெயரும் பொருளும்

கோலாலம்பூரில் செந்தூல், செகாம்புட் பக்கத்துப் பட்டறைகளுக்குக் காரின் ஆற்றலைக் கூட்ட வருபவர்கள் முதலில் விசாரிப்பது டர்போவைப் பற்றித்தான். வளைவில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களை நோக்கிக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டும் பெரும்பாலும் உடைந்த பிறகே பேச்சில் வருகின்றன. இவ்விரு சொற்களின் பொருளையும் சரியாகப் பிடித்துக்கொண்டவர், உடைவதற்கு முன்பே அவற்றைப் பற்றிக் கேட்டிருப்பார்.

டிஃபரன்ஷியலுக்கு வேர் லத்தீன். 'டிஸ்' என்றால் விலகி, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்லுதல். இரண்டும் கூடி வேறுபடுதல் என்ற பொருளைத் தந்தன. மலாயில் இதைப் 'பெம்பேசா' என்கிறார்கள். அதன் அடிச்சொல்லான 'பேசா', நம் வழக்கில் 'பேதம்' என்று நிற்கும் அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது.

எதில் வேறுபாடு? சக்கரங்களின் வேகத்தில். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இடைவெளி உள்ள கார் ஒரு வட்டத்தை முழுதாகச் சுற்றினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 9.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. எஞ்சினின் சுழற்சியைப் பெறும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலோடு சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் சிறிய பற்சக்கரங்கள் நேர்சாலையில் தம்மளவில் அசையாமல் இருக்கும். வளைவு வந்ததும் உருண்டு, ஒரு பக்கம் குறையும் வேகத்தை மறுபக்கத்துக்குக் கூட்டிவிடும்.

இதைச் 'சக்தியைப் பிரிக்கும் பெட்டி' என்று விளக்குபவர்கள் உண்டு. அது பாதி விளக்கம். சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்குவிசையை (டார்க்) இருபுறமும் ஏறத்தாழச் சமமாகவே கொடுக்கிறது. வேகத்தைத்தான் வேறுபட விடுகிறது. கெந்திங் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில், மழையில், உட்சக்கரத்தின் மேல் எடை குறைந்து பிடி தளர்ந்தால் அது வீணாகச் சுழலும். வெளிச்சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் கார் முன்னேறாது.

ஆகவே 'வேறுபாட்டுப் பல்லிணை' (பல்லிணை என்றால் கியர்) என்பதே பொருத்தமான பெயர். சிலர் 'வகையீட்டுப் பல்லிணை' என்று எழுதுகிறார்கள். வகையீடு கணிதத்துக்கு உரியது, அங்கே அது நல்ல சொல். பட்டறையில் அதைக் கேட்பவருக்கு எதுவும் விளங்காது.

ஆற்றல் கூட்டிய காருக்குப் பரிந்துரைக்கப்படும் 'லிமிடெட் ஸ்லிப்' வகை, நழுவலை அடியோடு நிறுத்துவதில்லை. ஓர் எல்லைக்குள் வைக்கிறது. 'நழுவல் தடுப்பு' என்று எழுதினால் தவறான நம்பிக்கை பிறக்கும். 'நழுவல் வரம்புப் பல்லிணை' என்பதே நேர்மையான பெயர். அதில் கிளட்ச் தட்டு வகைக்கு உரிய எண்ணெய் வேண்டும், தட்டுகள் தேயும். பல்லமைப்பினால் இயங்கும் டார்சன் வகையில் அந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பினால் டார்சன் திணறும். உள்ளே வெல்டிங் அடித்து இரு சக்கரத்தையும் பூட்டிவிடுவது சாலைக்கு ஆகாத வேலை. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், தண்டு முறுக்கேறும்.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட். 'ஷாஃப்ட்' பழைய ஆங்கிலத்தில் ஈட்டியின் கம்பைக் குறித்தது. தமிழில் அதற்கு நிகர் 'தண்டு'. இதை 'அச்சு' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அச்சு எடை தாங்குவது. மேடு பள்ளத்தில் முறிந்தால் உதவும் என்று உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற உபரி அச்சைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் 'சேம அச்சு' என்கிறார். மாட்டுவண்டியின் அச்சு பாரத்தால் முறியும். டிரைவ் ஷாஃப்ட் முறுக்கால் முறியும். அதனால் 'செலுத்துதண்டு'.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. முன்சக்கர இயக்கக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் கியர்பெட்டியிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் இரண்டு தண்டுகள். பின்சக்கர இயக்கக் கார்களில் நடுவே நீளமாக ஓடும் புரொபெல்லர் ஷாஃப்டையும் சிலர் அதே பெயரால் அழைக்கிறார்கள். முன்னதை 'அரைத்தண்டு' என்றும் பின்னதை 'நெடுந்தண்டு' என்றும் பிரித்துச் சொன்னால், பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் தவறான பொருளை வாங்கி வரும் செலவு மிச்சமாகும்.

முறிவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கழற்றிய அரைத்தண்டிலேயே பார்க்கலாம். முனையில் நேர்வரிசையாக இருக்க வேண்டிய வரிப்பற்கள் (ஸ்ப்லைன்) ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எஞ்சினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5, இறுதி விகிதம் 4 என்றால் டிஃபரன்ஷியலுக்கு வந்து சேர்வது 4,200. எஞ்சினை 500க்கு உயர்த்தினால் அது 7,000 ஆகிறது. இதோடு நன்றாகப் பிடிக்கும் டயரையும் மாட்டினால் சுழன்று தப்பிக்கச் சக்கரத்துக்கு வழியில்லை. முழு முறுக்கும் தண்டின் மேல் இறங்கும். திண்மையான தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 25 மில்லிமீட்டர் தண்டை 28 ஆக்கினாலே 40 விழுக்காடு கூடும். குரோமியம்–மாலிப்டினம் எஃகு அதற்கு மேல் கிடைக்கும் வலிமை. நெடுந்தண்டுக்கு வேகமும் ஒரு பகை: நீளமான தண்டு ஓர் எல்லைக்கு மேல் சுழன்றால் நடுவில் வளைந்து அதிரும். அதனால்தான் அதை இரண்டு துண்டாக்கி நடுவில் பேரிங் வைக்கிறார்கள், அல்லது கார்பன் இழையில் செய்கிறார்கள்.

எழுதும்போது: 'வேறுபாட்டுப் பல்லிணை'யில் 'ப்' மிகும். 'செலுத்துதண்டு' வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது.