உயரடுக்கு வேண்டாம், பெருமுதலாளி என்றே எழுதுங்கள்

பாகிஸ்தான் பொருளாதாரம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் "வணிக உயரடுக்கு" என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. "நாட்டின் வறுமைக்கு வணிக உயரடுக்கும் பொறுப்பேற்க வேண்டும்" என்று அண்மையில்கூட ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அடுக்கு எப்படிப் பொறுப்பேற்கும்? பொறுப்பு என்று வந்துவிட்டாலே அங்கே ஆள் இருக்க வேண்டும், இந்தச் சொல்லில் ஆளே இல்லை.

மூலச்சொல் எலீட். இலத்தீனில் "தெரிந்தெடு" என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. முதலில் பொறுக்கியெடுத்த நல்ல சரக்கைக் குறித்தது, பிறகு தேர்ந்த படைப்பிரிவை, அப்புறம் சமூகத்தின் மேல்மட்டத்தாரை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பரேட்டோ போன்ற இத்தாலிய அறிஞர்கள், அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் சிறு கூட்டத்துக்கு இதை நிலையான கலைச்சொல்லாக்கினார்கள். சொல்வரலாறு அவ்வளவுதான்.

சரி, உயரடுக்குக்கு வருவோம். அடுக்குமாடி, அடுக்குப்பானை, அடுக்குமல்லி என்று நாம் புழங்கும் எல்லாவற்றிலும் அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்று இருக்கும் நிலை மட்டும்தான். மேலே இருப்பது கீழே இருப்பதை ஏதாவது செய்தது என்ற பொருள் அதில் வராது. எலீட் என்ற சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது: அந்தக் கூட்டம் மேலே இருப்பதோடு நிற்பதில்லை, மேலேயே இருப்பதற்கு வேண்டிய காரியங்களையும் பார்த்துக்கொள்கிறது. "வணிக" என்ற அடையும் பிசகுதான். பம்பாயிலிருந்தும் குஜராத்தின் கத்தியவாரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பிரிவினையை ஒட்டிக் கராச்சிக்கு வந்த மேமன், கோஜா என்ற முஸ்லிம் சமூகங்களின் குடும்பங்கள் வந்தபோது வணிகர்கள், உண்மை. பத்தாண்டுக்குள் அவர்களில் பலர் ஆலைக்கும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிமையாளர் ஆகிவிட்டார்கள். அதன்பிறகும் அவர்களை வணிகர் என்றால் வாசகர் மனத்தில் கடைத்தெருதான் வரும்.

இதை அந்த நாட்டிலேயே ஒருவர் எவ்வளவு எளிதாகச் சொன்னார் பாருங்கள். 1968 ஏப்ரலில் திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், கராச்சியில் பேசும்போது, தொழில்துறைச் சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களிடம் இருக்கிறது, வங்கியிலும் காப்பீட்டிலும் அதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது என்றார். குடும்பம் என்ற, யாருக்கும் தெரிந்த சொல். கூடவே ஒரு எண். "பாயீஸ் காந்தான்", அதாவது இருபத்திரண்டு குடும்பங்கள் என்பது தெருவில் முழக்கமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள், 1969 மார்ச்சில் அதிபர் அயூப் கான் பதவி விலகினார். அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் "உயரடுக்கு ஒழிக" என்று ஒரு கூட்டம் கத்துவதைக் கற்பனை செய்யவே முடியவில்லை.

"பெருமுதலாளி" என்றால் இடதுசாரி வாடை அடிக்கிறதே, நடுநிலையான சொல் வேண்டாமா என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். மஹ்பூப் உல் ஹக் இடதுசாரி அல்லர். முதலில் வளர்ச்சி வரட்டும், சமத்துவம் பிறகு என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வாதிட்டவரே அவர்தான். இருப்பதைச் சொல்ல அவருக்கும் ஆளைக் காட்டும் ஒரு சொல்தான் தேவைப்பட்டது. செய்தவர் பெயரை மறைக்கும் சொல்லை நடுநிலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உயர்குடி என்பது இன்னும் மோசம். பிறப்பால் வந்த மேன்மையை அது தூக்கிக் கொடுத்துவிடுகிறது. உருதுவில் எலீட்டுக்கு இன்று வழங்கும் "அஷ்ராஃபியா"வுக்கும் இதே கோளாறு உண்டு, ஷரீஃப் என்ற "கண்ணியமானவர்" அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். மேட்டுக்குடி நல்ல சொல், ஆனால் தமிழில் அது பழக்கவழக்கம், ரசனை, பேச்சு தொடர்பாகவே அதிகம் வழங்குகிறது. இலங்கைக் கல்வியாளர்கள் எழுதும் "உயர்குழாம்" எனக்குப் பிடிக்கும், குழாம் என்றால் மனிதர் கூட்டம். அரசியல் எலீட்டுக்கு அது பொருந்தும்.

தொழில், பணம் சார்ந்த எலீட்டுக்கு என் பரிந்துரை: முதல் தடவை "செல்வாக்குள்ள பெருமுதலாளிக் குடும்பங்கள்", பிறகு வெறும் "பெருமுதலாளிகள்". நீளமாக இருந்தால் இருக்கட்டும். செல்வாக்கு என்பதைப் பிரித்துப் பாருங்கள், செல்லும் வாக்கு. யார் சொன்னால் காரியம் நடக்குமோ அவருக்குச் செல்வாக்கு. பாகிஸ்தானில் எஸ்.ஆர்.ஓ. என்ற அரசாணை ஒன்று உண்டு, நாடாளுமன்றத்துக்குப் போகாமலே அதைக்கொண்டு ஒரு தொழிலுக்கு வரிவிலக்கு கொடுத்துவிட முடிந்தது. பல ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021 அறிக்கை, பெருநிறுவனங்கள், நிலக்கிழார்கள், படைத்துறை என்று மேல்மட்டத்தார் எல்லாரும் பெறும் சலுகைகளின் மதிப்பை 1,740 கோடி டாலர் என்றது, நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் 6 விழுக்காடு. அதில் மற்ற எவரையும்விடக் கூடுதலான பங்கு பெருநிறுவனங்களுக்கு, வரிச்சலுகையாக, மலிவு மூலப்பொருளாக, எளிதில் கிடைக்கும் கடனாக. வாக்கு செல்வது என்றால் இதுதான்.

மறுமுனையில் கரும்பு விவசாயி நிற்கிறார். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், ஆலை வாசலில் காத்திருக்க அவரால் முடியாது. 2020இல் சர்க்கரை விசாரணை ஆணையம் எழுதிவைத்ததைப் படியுங்கள்: சில ஆலைகள் முறையான ரசீதுக்குப் பதில் "கச்சி பர்ச்சி" என்ற துண்டுச்சீட்டைக் கொடுத்து, அரசு நிர்ணயித்த விலைக்குக் குறைவாகக் கரும்பை வாங்கியிருக்கின்றன, எடையிலும் பிடித்தம் செய்திருக்கின்றன. இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் "விவசாயிகளுக்குக் குறைந்த விலை வழங்கப்பட்டது" என்று எழுதுவார். வழங்கப்பட்டது, பாதிக்கப்பட்டனர், உருவாக்கப்பட்டது என்று பக்கம் முழுக்கப் பட்டது பட்டது என்றே போகும், செய்தவர் எங்குமே வரமாட்டார். உயரடுக்கும் இந்தப் "பட்டது"வும் சேர்ந்தால் வறுமை மழைபோலத் தானாகப் பெய்த மாதிரி ஆகிவிடுகிறது. தமிழில் எழுவாய் இல்லாமலும் வாக்கியம் நிற்கும் என்பது நம் மொழிக்குள்ள வசதி, அதை இதற்கா பயன்படுத்துவது? "ஆலை முதலாளிகள் குறைத்துக் கொடுத்தார்கள்" என்று எழுதுங்கள்.

படைத்துறைச் செய்திகளில் வரும் எலீட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. அங்கே "தேர்ந்த படை" போதும், தெரிந்தெடு என்ற மூல அர்த்தமும் அதில் வந்துவிடுகிறது.