பொட்டிக்கும் பொட்டிக்கடையும்

குர்த்தியோ அபாயாவோ சேலையோ, நல்லதாகப் பார்த்து எடுக்கத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் இருந்துவிட்டால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். “நீ பேசாம ஒரு பொட்டிக் போட்டுடேன்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பொறுக்கி எடுத்த உடைகள் மட்டும் இருக்கும் சின்னத் துணிக்கடைதான் பொட்டிக் (boutique). கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன், தொண்டி என்று கரையோரம் எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு. வாயில் இருக்கும்வரை சொல்லுக்குச் சிக்கல் இல்லை, பலகையில் எழுதப் போனால்தான் வருகிறது. ஒருவர் பொட்டிக் என்று எழுதுகிறார், ஒருவர் பொட்டீக், இன்னொருவர் பூட்டிக். அந்தக் கடைசி எழுத்துமுறையை மட்டும் தொடாதீர்கள், ‘பூட்டிக் கிடக்கிறது’ என்று சேர்த்துப் படிக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

சரி, எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

நேராக வந்தது பிரெஞ்சிலிருந்து. அங்கே அது சின்னக் கடைக்குப் பொதுப்பெயர், துணிக்கும் அதற்கும் தனி உறவு கிடையாது. பிரெஞ்சுக்கு முன்னால் பிரான்சின் தென்பகுதியில் வழங்கிய புரோவென்சால் மொழியில் போட்டிகா, அதற்கும் முன்னால் இலத்தீனில் அப்போதேக்கா, அடிவேர் கிரேக்கத்தில் அப்போதேக்கே. கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் ‘அப்பால் எடுத்து வைப்பது’ என்று வரும், அதாவது சரக்கை அடுக்கிப் பத்திரப்படுத்தும் இடம். நம் கரையில் வியாபாரிகள் கிட்டங்கி என்று சொல்வார்களே, அதேதான். இந்த ஒரு வேரிலிருந்து ஜெர்மன்காரனுக்கு மருந்துக்கடை கிடைத்தது, ஸ்பானியனுக்கு மது வைக்கும் நிலவறை கிடைத்தது, போர்த்துக்கீசியனுக்கும் மருந்துக்கடை. துணி எங்குமே இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார்: “பெட்டிக்கடையைத்தானே நாம் பொட்டிக்கடை என்கிறோம், அந்தப் பொட்டிதான் வெள்ளைக்காரன் வாயில் பொட்டிக் ஆனது!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. கிரேக்கத்திலிருந்து படிப்படியாக இறங்கி வந்த பாதை தெளிவாக இருக்கும்போது ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உரிமை கொண்டாட முடியாது. இதைவிடச் சுவையான சங்கதி வேறு ஒன்று இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களுக்கானது. அதில் பொட்டிக் என்ற சொல்லும் உண்டு. இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் சிறுகடைக்கு இந்தப் பெயர் என்றும், போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்றும் போட்டிருக்கிறார்கள். ஆக அன்றைய துரைமார் கணக்கில், வாழைப்பழத் தார் தொங்கும் தெருமுனைப் பொட்டிக்கடையும் பொட்டிக்தான்! வேர் வேறாக இருந்தாலும் பொருள் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

போர்த்துக்கீசியர் நம் கரைக்குப் புதியவர்கள் இல்லை. முத்துக்குளிக்கும் துறைகளுக்காகவே 16-ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவைச் சுற்றி வந்தவர்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, சட்டைக்குப் பொத்தான் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை. கடைக்கு வேண்டிய தளவாடத்தையெல்லாம் கொடுத்தவர்களால் கடைக்குப் பெயரை மட்டும் கொடுக்க முடியவில்லை, காரணம் ‘கடை’ இங்கே ஏற்கெனவே நன்றாக வேரூன்றி இருந்தது. சிங்களத்தில்கூட ‘கடே’ என்கிறார்கள், நம்மிடமிருந்து போனதுதான்.

துணிக்கும் இந்தச் சொல்லுக்கும் முடிச்சு விழுந்தது ரொம்பப் பிற்பாடு. பாரிசில் எல்சா ஸ்கியாபரெல்லி 1935-இல் தன் தையலகத்தோடு சேர்த்து ஒரு பொட்டிக் திறந்தார். அளவெடுத்துத் தைக்கும் விலையுயர்ந்த உடைகள் ஒரு பக்கம், வந்தவுடன் எடுத்துக்கொண்டு போகிற உடைகள் இந்தப் பக்கம். லண்டனில் மேரி குவான்ட் 1955-இல் திறந்த கடைக்குப் பெயர் ‘பசார்’. நாம் பிரெஞ்சுச் சொல்லைப் பலகையில் எழுத ஆசைப்படுகிறோம், அவர்கள் நம் ஊர்ப் பக்கத்து பஜாரை எழுதி வைத்திருந்தார்கள், அடுத்த வீட்டுப் பெயர்தான் எல்லோருக்கும் அழகு போலிருக்கிறது. அப்புறம் பீபா, பார்பரா ஹுலானிக்கி தொடங்கியது. அவர் முதலில் கடையே திறக்கவில்லை, தபாலில் உடை விற்றுக்கொண்டிருந்தார். 1964 மே மாதம் டெய்லி மிரர் பத்திரிகையில் இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட ஒரு கவுனுக்கு அறிவிப்பு வந்தது, சுமார் 17,000 பேர் கேட்டு எழுதினார்கள். அதற்குப் பிறகுதான், அதே ஆண்டு செப்டம்பரில், லண்டனில் கடை.

கடை போட நினைப்பவர் இந்தப் பீபா கதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிட்டங்கி என்று தொடங்கிய சொல், கடைசியில் கிட்டங்கிக்கு நேர் எதிரான பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய ஜவுளிக்கடையில் எல்லாம் இருக்கும், பொட்டிக்கில் ஒருவர் பொறுக்கி எடுத்தது மட்டும் இருக்கும். ஏ.சி., கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு, தங்க எழுத்துப் பலகை எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. அங்கே விலைபோவது அந்த ஒருவரின் தெரிவு. அப்படியென்றால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியதும் கடையை இல்லை, அந்தத் தெரிவைத்தான். ஆனால் நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் அட்வான்ஸ், அப்புறம் பால்ஸ் சீலிங், கடைசியில் மிச்சக் காசுக்குச் சரக்கு.

‘பைலட்’, ‘டிரையல்’, ‘மார்க்கெட் டெஸ்ட்’ என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டாம், வெள்ளோட்டம் இருக்கிறது. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே சாமியை ஏற்றாமல் வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள், புதுப் படகையும் கப்பலையும் அப்படியே. முன்னோட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சினிமாவுக்குப் போய்விட்ட சொல். ஒத்திகை என்றால் நாடகம். வெள்ளோட்டத்தில் சாமி மட்டும்தான் இருக்காது, சக்கரமும் வடமும் வீதியும் நிஜம். துணி வியாபாரத்திலும் விற்பனை நிஜமாக நடக்க வேண்டும், காசு கைமாற வேண்டும், வாடகைப் பாரம் மட்டும் ஏறியிருக்கக் கூடாது. “நல்லா இருக்குடி, எங்க எடுத்த?” என்று நாலு பேர் கேட்டார்கள் என்பது வெள்ளோட்டத்தில் சேராது. அதே நாலு பேரில் யார் முன்பணம் கொடுத்தார் என்பதுதான் கணக்கு.

கணக்கு என்றவுடன் ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு குர்த்தியை 450 ரூபாய்க்கு எடுத்து 650-க்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பீசுக்கு 200 நிற்கும். மாத வாடகை 8,000, கரண்டு 1,500, உதவிக்கு ஒரு பெண் 7,000 என்றால் 16,500 ஆகிறது. மாதம் 83 பீஸ் விற்றால்தான் கைநட்டம் இல்லாமல் நிற்கலாம், உங்கள் உழைப்புக்கு இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. இப்போது வீட்டு முன்னறையில் முப்பது பீசை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, எத்தனை நாளில் எத்தனை போகிறது என்று பாருங்கள். மாதத்துக்குப் பன்னிரண்டு போனால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது முன்னறை வியாபாரம், முன்னறையிலேயே இருக்கட்டும். சொந்தபந்தம் வாங்குவதைத் தனியாக எழுதுங்கள். முகத்துக்காக வாங்குகிறவர் இரண்டாவது முறை வரமாட்டார், முன்பின் தெரியாதவர் கேள்விப்பட்டு வந்தால் அதுதான் உண்மையான போணி.

கடன் கேட்பவர்களையும் எழுதி வையுங்கள். நம் ஊரில் தவணை இல்லாமல் துணி வியாபாரம் நடக்காது என்பது ஓரளவு உண்மைதான், அதனாலேயே எத்தனை பேர் சொன்ன தேதியில் கொடுத்தார்கள் என்பதும் வெள்ளோட்டத்தில் தெரிய வேண்டிய விஷயம். எந்த அளவு தேங்குகிறது என்பதும் அப்படித்தான். ஈரோட்டிலும் திருப்பூரிலும் மொத்தமாக எடுத்தால் பெரும்பாலும் எல்லா அளவும் சேர்ந்த செட்டாகவே கட்டிக் கொடுப்பார்கள், எல், எக்ஸ்எல் ஓடிப்போய் எஸ் மட்டும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். உப்புக்காற்றுக்கு மலிவான ஹூக்கும் ஜிப்பும் எத்தனை நாள் தாங்கும் என்பதைக்கூட நாமே உடுத்தித் துவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

காலத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் அப்போது கையில் காசு சுருங்கிவிடும். அந்த இரண்டு மாதம் சரக்கு நகரவில்லை என்று யோசனையையே கைவிடுவது தப்பு. ரம்ஜானுக்கு முந்தைய பத்து நாளில் எல்லாம் பறந்தது என்று உடனே அட்வான்ஸ் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு, பெருநாளுக்கு எந்தக் கடையிலும் பறக்கும். கீழக்கரையில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், ஊர் திரும்பும் காலம், தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ், கல்யாண மாதங்கள் என்று ஊருக்கு ஊர் ஏற்றம் மாறும். நான் சொல்வேன், ஒரு பெருநாளும் ஒரு வறண்ட மாதமும் வெள்ளோட்டத்துக்குள் வரவேண்டும், அதற்குள் கண்ணாடிக் கதவுக்கு விலை விசாரிக்காதீர்கள். இன்னொன்று, இந்தக் கரையில் உங்களுக்குப் போட்டி எதிர்த்த கடைக்காரர் இல்லை. கல்யாணத் துணிக்கு மதுரைக்கு பஸ் ஏறும் பழக்கமும் கையில் இருக்கும் போனும்தான் போட்டி. மதுரையில் கிடைக்காததை, போனில் தொட்டுப் பார்க்க முடியாததை வைத்தால்தான் தெரிவுக்கு மதிப்பு. பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் நெசவாளர்கள் இருக்கிறார்கள், அங்கிருந்து நாலு பருத்திச் சேலை எடுத்து வைத்துப் பார்ப்பது சூரத்திலிருந்து துணிக் கட்டுகளை இறக்குவதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

சரி, பலகையில் என்னதான் எழுதுவது? சிற்றங்காடி என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். பிரெஞ்சுப் பொருளுக்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர் உள்ளே வந்து கடலை மிட்டாய் கேட்பார். பழந்தமிழில் துணிக்கு அறுவை என்று பெயர், அறுத்தெடுத்ததால் அறுவை. நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகளை நூறு நூறாக அடுக்கி வைத்த மதுரை அறுவை வீதி சிலப்பதிகாரத்தில் வருகிறது, சங்கப் புலவர்களில் ஒருவரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அருமையான சொல், ஆனால் இன்று ‘அறுவையகம்’ என்று பலகை வைத்தால் ஒன்று ஆஸ்பத்திரி என்பார்கள், இல்லை முதலாளி பேச்சு அப்படி என்பார்கள். ஜவுளிக்கடை, துணிக்கடை இரண்டும் நல்ல சொற்கள்தான், கட்டுக்கட்டாகக் குவிந்த பெரிய கடையை நினைவுபடுத்துகின்றன என்பது மட்டுமே குறை.

எனக்குச் சரியாகப் படுவது ஆடையகம். புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, ஏற்கெனவே பலகைகளில் இருப்பது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். சிறியது, பொறுக்கி எடுத்தது என்ற பொருளை அதற்குள் திணிக்க ‘தனித்தெரிவு எழிலாடையகம்’ என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை, முன்னால் நிற்கும் உங்கள் கடைப்பெயர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பேச்சில் பொட்டிக் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. பலகைக்கு மட்டும் தமிழ்நாட்டில் விதியே இருக்கிறது: கடைப்பெயர் தமிழில்தான் முதலில், பெரிதாக வரவேண்டும், ஆங்கிலம் அதற்கு அடுத்து, வேறு மொழி இருந்தால் அதற்கும் கீழே, 5:3:2 என்ற அளவில். பலகை எழுதுபவரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் இரண்டாம் தடவை காசு கொடுக்க வேண்டியிருக்காது.