சீரிஸ் பல்ப் உங்களைக் காப்பாற்றாது

பழுதான பவர் சப்ளையைக் காணொளி பார்த்துத் தாமே சரிசெய்ய முயன்று, மின்னதிர்ச்சி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு அந்தப் போர்டை எங்கள் பணிமனைக்கு எடுத்து வருபவர்கள் வரவர அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். அண்மையில் வந்த மாணவர் ஒருவர், அதிர்ச்சியில் கையை வெடுக்கென்று இழுத்ததில் மேசையின் விளிம்பில் முழங்கையை இடித்துக் கட்டுப்போட்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் போர்டைத் தொட்டதாகவும், அதற்கு முன்பும் மின்சாரம் சீரிஸ் பல்ப் வழியாகத்தான் சென்றதாகவும், ஆகவே அதிர்ச்சிக்கு வாய்ப்பே இல்லை என்றும் அவர் என்னிடம் வாதிட்டார். கையில் கட்டோடு நின்றுகொண்டு வாதிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த சீரிஸ் பல்ப் நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது தீர்வதாக இல்லை. சோதிக்க வேண்டிய கருவிக்கு முன்னால் 60 அல்லது 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைப்பது பழைய, நல்ல பழக்கம்தான். மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் பல்ப் முழுவெளிச்சத்தில் எரியும். புதிதாக மாற்றிய பாகம் அடுத்த நொடியே வெடிக்காமல் தப்பும். அது காப்பது போர்டையும் பாகங்களையும் மட்டுமே, உங்களையல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் முழுதாக எரியும் 100 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 530 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கும் இராது. மனித உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வியர்த்த கைக்கு இது மிகையான மதிப்பன்று. பல்புக்கு இருக்கக்கூடிய அதிகபட்ச மின்தடையையே எடுத்துக்கொண்டாலும், 230-ஐ 1,530-ஆல் வகுத்தால் உங்கள் உடல் வழியாகச் செல்வது 150 மில்லி ஆம்பியர். மனிதரைக் காப்பதற்கென்று வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சீரிஸ் பல்ப் அனுமதிப்பது அதைப்போல் ஐந்து மடங்கு. பல்ப் எரியாமலோ மங்கலாகவோ இருக்கிறது என்பதை வைத்துப் போர்டில் மின்சாரம் இல்லை என்று முடிவுசெய்பவர்கள் இன்னும் மோசமான தவறு செய்கிறார்கள். பழுதில்லாத, சுமையில்லாத போர்டில் பல்ப் அப்படித்தான் இருக்கும், போர்டிலோ முழு மின்னழுத்தமும் இருக்கும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். ஒரு கை ஃபேஸையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால் நீங்களும் அதற்கு ஒரு சுமைதான். கசிவு எதுவும் இல்லாததால் அது அசையாது. போர்டில் தேங்கி நிற்கும் மின்னூட்டமோ அதன் பார்வைக்கே வராது. அந்த மாணவரைத் தாக்கியதும் அதுதான்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் சுவிட்சிங் முறை பவர் சப்ளையின் போர்டில் 230 வோல்ட் மாறுமின்சாரம் பிரிட்ஜ் டையோடைக் கடந்து பெரிய கெப்பாசிட்டரில் சேரும்போது ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. கணினிகளுக்கான சில சப்ளைகளில், முன்னால் இருக்கும் பவர் ஃபேக்டர் சுற்று அதை 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்திவிடுகிறது. நல்ல நிலையில் இயங்கும் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கினால், சுவிட்சிங் சிறிது நேரம் தொடர்ந்து நடந்து இந்த மின்னூட்டத்தைத் தானே செலவழித்துவிடும். ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் அறுந்துபோன, கன்ட்ரோலர் ஐ.சி. செத்துப்போன சப்ளையில் அதைச் செலவழிக்க யாருமில்லை. மின்னூட்டத்தை மெல்லக் கசியவிடும் பிளீடர் ரெசிஸ்டரும் மலிவான போர்டுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. பழுதுபார்க்க உங்கள் மேசைக்கு வரும் சப்ளைதான் மின்னூட்டத்தை வெகுநேரம் பிடித்துவைத்திருக்கும் சப்ளை என்பதைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். இதைச் சொல்லித்தரும் காணொளிகள் மிகக் குறைவு. கற்பிப்பவர் பெரும்பாலும் அனுபவசாலி; கெப்பாசிட்டரைக் காலிசெய்யாமல் அவர் கைவைத்திருக்க மாட்டார். அந்த அரை நிமிடம் சலிப்பூட்டும் என்று தொகுப்பில் வெட்டப்பட்டுவிடுகிறது. பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம், பிளக்கைப் பிடுங்கினார், போர்டைக் கையில் எடுத்தார் என்ற இரண்டு காட்சிகள்தாம்.

காலிசெய்யும் முறை எளிது. 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு காப்பிடப்பட்ட இரண்டு புரோபுகளுக்கு இடையே பற்றவைத்து, இணைப்புகளின் மேல் ஸ்லீவ் ஏற்றிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் அதைப் பத்து நொடி பிடித்திருங்கள். 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்கு மூன்று நொடியே போதும். பிறகு மல்டிமீட்டரை டி.சி. நிலையில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். சற்று நேரம் விட்டு மீண்டும் அளந்தால் மின்னழுத்தம் சிறிது ஏறியிருக்கும். அது மின்கடத்தாப் பொருளின் இயல்பு, மீண்டும் காலிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கக் காட்டுபவர்களைப் பின்பற்றாதீர்கள். 325 வோல்ட்டில் அந்த 220 மைக்ரோ ஃபாரட்டில் இருப்பது 11 ஜூலுக்கு மேல். அது உருகிய உலோகத்தைக் கண்ணை நோக்கி வீசப் போதுமானது.

மின்னழுத்த அலைகளைத் திரையில் வரைந்துகாட்டும் ஆஸிலாஸ்கோப் வாங்கியவுடன் வரும் வேறொரு தவறையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் புரோபின் கிரவுண்டு கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கிறது. சப்ளையின் முதன்மைப் பக்கத்தில், அதாவது மெயின்ஸோடு நேராக இணைந்த பக்கத்தில், உள்ள நெகட்டிவ் முனை எர்த் அன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அரைச்சுற்றின்போது அது ஒரு டையோடு தள்ளி ஃபேஸில் நிற்கிறது. அங்கே கிளிப்பை மாட்டினால் ஃபேஸ் அந்த டையோடு வழியாக எர்த்தோடு ஷார்ட் ஆகிவிடும். அதைத் தவிர்க்க ஆஸிலாஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் அறிவுரையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அப்படிச் செய்தால் கருவியின் உலோகப் பாகங்கள் அனைத்தும் ஃபேஸாகிவிடும். மெயின்ஸோடு நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரித்துத் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்கப்படும் போர்டுக்குக் கொடுங்கள், ஆஸிலாஸ்கோப்புக்கு அல்ல. மின்னழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் வேரியாக் இருக்கிறது, அது போதும் என்பவர்களுக்கு: வழக்கமான வேரியாக் ஒரே சுருள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அது எதையும் பிரித்துத் தராது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே 5 வோல்ட் என்று தலைப்பிட்ட காணொளிகள் தனி வகை. 0.47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 34 மில்லி ஆம்பியரை மட்டும் விட, ஒரு ஜீனர் டையோடு அதை 5 வோல்ட்டில் நிறுத்துகிறது. சுற்று வேலை செய்யும், மல்டிமீட்டரும் 5 வோல்ட் காட்டும். ஆனால் அந்த இரு முனைகளில் எதைத் தொட்டாலும் உங்களுக்கும் ஃபேஸுக்கும் இடையே தனிப்பிரிப்பு என்று எதுவும் இல்லை. யாருடைய விரலும் எட்டாதபடி பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடிவைக்கும் விளக்குகளுக்கும் டைமர்களுக்கும் உரிய சுற்று அது. அதைக்கொண்டு கைப்பேசிக்கு மின்னேற்றவும் குழந்தைகளின் பொம்மையை இயக்கவும் சொல்லித்தருவது குற்றத்துக்கு நெருங்கிய செயல் என்பது என் கருத்து. கட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் மெயின்ஸின் குறுக்கே இணைப்பதற்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரையே பயன்படுத்துங்கள். 400 வோல்ட் என்று அச்சிட்ட சாதாரண பாலியஸ்டர் அதற்கு ஈடாகாது.

காணொளி எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். வட அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். அங்கே கறுப்பு வயர் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய பிரித்தானிய முறையைப் பின்பற்றிய இணைப்புகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். கருவிகளின் இன்றைய வயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். நிறத்தை நம்பி வயரைத் தொடுவதற்கு முன் அளந்து பார்ப்பதே முறை.

அடிப்படை எலக்ட்ரானிக்ஸைக் காணொளி வழியே தாராளமாகக் கற்கலாம். மெயின்ஸில் மட்டும் தொடங்காதீர்கள். பேட்டரியில் தொடங்குங்கள். அடுத்து, தரச்சான்று பெற்ற 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைத் திறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரைக் கட்டிப் பாருங்கள். ஓர் ஆம்பியர் எடுக்கும்போது அது ஏன் அவ்வளவு சுடுகிறது என்று கேளுங்கள். மிஞ்சிய 7 வோல்ட்டும் 7 வாட் வெப்பமாகத்தான் போக வேண்டும் என்று தெரிந்தால், சுவிட்சிங் முறை ஏன் தேவைப்பட்டது என்பதும் புரியும். மின்னோட்டம் அளந்து முடித்த மறுகணமே சிவப்பு புரோபை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்துவிடுங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் வயரைச் சுற்றாதீர்கள். இவை பழகிய பிறகு எஸ்.எம்.பி.எஸ். திறக்கலாம். அப்போதும் தனியாக உட்காராமல் அருகே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதும், உங்களைத் தொடுவதற்கு முன் அதை அணைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் போதும்.