ஃபிட்ஸ்ராய் தேடிய பேச்சுத்துணை

குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டதுண்டா என்று கேட்டால், "எங்க பரம்பரையில அப்படியெல்லாம் கிடையாது டாக்டர்" என்பார்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் ஒரு சித்தப்பாவைப் பற்றிய பேச்சு வரும்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் இதில் வேறு மாதிரி. அவருடைய தாய்மாமன் காசல்ரே பிரபு 1822-இல் தற்கொலை செய்துகொண்டார். 'பீகிள்' கப்பலின் முந்தைய கேப்டன் ஸ்டோக்ஸின் முடிவும் 1828-இல் அப்படியே. 23 வயதில் அந்தக் கப்பலுக்குப் பொறுப்பேற்ற ஃபிட்ஸ்ராய், 1831-இல் கடற்கரைகளை அளக்கும் பயணத்துக்குப் பேச்சுத்துணையாக ஒருவரைத் தேடினார். வந்தவர், 22 வயது டார்வின். தன் மனநிலை குறித்த பயமும் அதற்கொரு காரணம் என்பார்கள்.

1834-இல் சிலியின் வால்பரைசோவில் அந்தப் பயம் நிஜமானது. கடும் உழைப்பு, சொந்தப் பணத்தில் வாங்கிய துணைக்கப்பலை விற்க வேண்டிய நிலை. பரம்பரைக் கோளாறு தன்னையும் பிடித்துவிட்டது என்று கேப்டன் பதவியையே துறந்தார். கப்பல் மருத்துவர் பைனோ, 'இது உடல் களைப்புதான்' என்றார். பதவி உயர்வு கைக்கெட்டிய துணை அதிகாரி விக்கம் அந்த ராஜினாமாவை ஏற்கவில்லை. மறுபடி தெற்கே போய்க் கடற்கரையை அளந்தே தீர வேண்டும் என்று உத்தரவில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லைதான். ஃபிட்ஸ்ராய் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். 'தைரியமா இருங்க' என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிறகு நியூசிலாந்து ஆளுநர் பதவி. அங்கே மாவோரி பூர்வகுடிகளுக்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் நடந்த வைராவ் மோதலில் தவறு குடியேறிகள் பக்கமே என்றதால் வெள்ளையர்களின் பகை. 1845-இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1854-இல் வானிலைத் துறை அவரிடம் வந்தது. 'ராயல் சார்ட்டர்' கப்பல் 1859 புயலில் நொறுங்கி 400 பேருக்கு மேல் இறந்தபின், தந்தி வழியே துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். 1861 ஆகஸ்ட் 1 அன்று 'டைம்ஸ்' நாளிதழில் அவருடைய வானிலை முன்னறிவிப்பு வந்தது. தவறியபோது கேலியும் வந்தது.

1865 ஏப்ரல் 30 அன்று, 59 வயதில் தற்கொலை செய்துகொண்டார். கேலிதான் கொன்றது, டார்வின் கொள்கைதான் கொன்றது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். கரைந்த சொத்து, மந்தமான காது, தீராத களைப்பு எல்லாம் சேர்ந்திருந்தன. மனைவி கூடவே இருந்தார். குடும்பத்தைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, கடன் நெருக்கி, பேச்சு குறைந்தால், 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் வரும்போது அந்தச் சித்தப்பாவைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.