ஒருவர் வாழும் ஊரில் இருவர் எப்படி வந்தார்கள்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பாய்ட் மாவட்டத்தில் மொனோவை என்று ஒரு ஊர் இருக்கிறது. 2010 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1. அந்த ஒருவர் ஒரு மூதாட்டி. ஊரில் மதுக்கடையும் உணவகமுமாக ஓடும் ஒரே கடையை அவர்தான் நடத்துகிறார், மேயரும் அவரே. கடைக்காரராக மதுபான உரிமத்துக்கு விண்ணப்பித்து, மேயராக அதை வழங்கிக்கொள்வார். ஊரின் நான்கு தெருவிளக்குகளுக்கு மாநில நிதி வர வேண்டுமே, அதற்காக ஆண்டுதோறும் சாலைத் திட்டமும் எழுதிக் கொடுப்பார்.

2020 கணக்கெடுப்பு முடிவுகள் வந்தபோது அந்த ஊரின் மக்கள்தொகை 2 என்றிருந்தது. புதிதாக யாரும் குடிவரவில்லை. குழந்தை பிறக்கவும் வழியில்லை. கணக்கெடுக்கப் போனவர் கவனக்குறைவாக எழுதிய எண்ணும் அல்ல அது. கணக்கெடுப்புத் துறை தெரிந்தே செய்த வேலை.

முதலில் ஊர் ஏன் இப்படி வற்றியது என்று பார்த்துவிடலாம். 1902 வாக்கில் ரயில் பாதை அந்த இடம்வரை நீண்டபோது மொனோவை பிறந்தது. அக்காலத்தில் குதிரை வண்டியில் தானியம் ஏற்றிவரும் உழவர் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். அதனால் பாதை நெடுகச் சில மைல்களுக்கு ஒரு ஊர் முளைத்தது. 1930களில் மொனோவையில் 150 பேர் வரை இருந்தார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது. பத்துக் குடும்பம் உழுத நிலத்தை இரண்டு குடும்பம் உழுதால் போதும் என்றானது. லாரியும் காரும் வந்தபின் பக்கத்து ஊர்க் கடை தேவைப்படவில்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். 1967இல் தபால் நிலையம் மூடப்பட்டது, 1974இல் பள்ளி. 2000இல் மிஞ்சியது ஒரு தம்பதி. 2004இல் கணவர் இறந்தார். அவர் சேர்த்து வைத்த சுமார் 5,000 புத்தகங்கள் அங்கே ஒரு சிறு நூலகமாக இருக்கின்றன. சமவெளி மாநிலங்களில் இந்தக் கதை புதிதல்ல. மொனோவை அதன் கடைசிப் பக்கம்வரை போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, அந்த 2 எங்கிருந்து வந்தது?

அமெரிக்கச் சட்டப்படி, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்ன தகவல் 72 ஆண்டுகளுக்கு வெளியே போகக் கூடாது. மொத்தங்களை மட்டும் வெளியிடலாம். ஆனால் ஒருவர் மட்டுமே வாழும் ஊரில் மொத்தம் என்பதே தனிமனிதத் தகவல். வயது வாரி அட்டவணை அவர் வயதைச் சொல்லும், இன அட்டவணை அவர் இனத்தை, வீட்டு அட்டவணை வீடு சொந்தமா வாடகையா என்பதை.

பெரிய ஊரில் இந்தச் சிக்கல் இல்லை என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் மூன்று பேர். சராசரி வயது 44, வரிசையில் நடுவே வரும் வயது 30. அப்படியானால் மூவரின் வயதும் சேர்ந்து 132. பெண்கள் இருவர், அவர்களின் சராசரி 54 என்கிறது இன்னொரு அட்டவணை. பெண்களின் மொத்தம் 108, ஆகவே ஆணின் வயது 24. நடுவே வரும் 30 ஒரு பெண்ணுடையது, மற்றவருக்கு 78. பெயரே இல்லாத மூன்று அட்டவணைகளிலிருந்து மூன்று மனிதர்கள் எழுந்து நிற்கிறார்கள். சுடோகு போடுவது போலத்தான்.

இதையே கணினியில் பெரிய அளவில் செய்தால் என்னாகும் என்று துறையே சோதித்தது. 2010இல் தான் வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் வைத்து நாட்டின் 30 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைத் திரும்பக் கட்டியது. சுமார் 46 விழுக்காட்டுப் பதிவுகளில் வசிக்கும் இடம், பாலினம், வயது, இனம் எல்லாம் அச்சாகப் பொருந்தின. துறை அதிர்ந்துபோனதில் வியப்பில்லை.

அதற்கு மருந்தாகத்தான் 2020இல் டிஃபரன்ஷியல் பிரைவசி என்ற முறை வந்தது. 2006இல் சிந்தியா டுவோர்க், ஃபிராங்க் மெக்‌ஷெர்ரி, கோபி நிஸ்ஸிம், ஆடம் ஸ்மித் ஆகியோர் வகுத்த கணிதம் இது. வெளியிடும் ஒவ்வொரு எண்ணோடும் குருட்டாம்போக்கில் எடுத்த ஒரு முழு எண்ணைக் கூட்ட வேண்டும். அது பெரும்பாலும் சுழியமாகவோ அதை ஒட்டியோ இருக்கும்; +1, -2 என்று எதுவாகவும் வரலாம். பல எண்களைக் கூட்டும்போது இந்தக் கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மக்கள்தொகை எண்களில் மாநில மொத்தத்தை மட்டும் தொடவே இல்லை: நெப்ராஸ்காவின் 19,61,504 எண்ணியபடியே வெளியான எண். மொனோவைக்குச் சீட்டு விழுந்தபோது 1 இரண்டாகிவிட்டது.

இதில் ஒரு கோணல் உண்டு. யாருமே இல்லாத இடத்துக்கு -2 விழுந்தால் 'மைனஸ் இரண்டு பேர்' என்று அச்சிட முடியாது, சுழியமாக்க வேண்டும். +2 விழுந்தால் அப்படியே நிற்கும். ஆக ஆளில்லாத இடங்கள் சற்று உப்பும். மாநில மொத்தம் மாறக் கூடாதென்பதால் நெரிசலான இடங்கள் சற்று இளைக்கும். சிகாகோவில் ஆற்று வளைவை மட்டுமே கொண்ட ஒரு கணக்கெடுப்புத் துண்டில் 14 பேர் வாழ்வதாக வந்தது இந்த முறையின் கைங்கரியம்தான்.

மொனோவையில் இது கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது. நெடுஞ்சாலைப் பலகையிலேயே 'மொனோவை 1' என்று எழுதியிருக்கிறது. அந்த மூதாட்டியைத் தேடி உலகமெங்குமிருந்து பத்திரிகையாளர்கள் வந்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் என்ன? கொடுக்க முடியாது. எந்த எண்கள் மாற்றப்படாதவை என்று தெரிந்துவிட்டால், அவற்றைக் கழித்துப் பக்கத்து எண்களைத் துருவலாம். யார் பிரபலம், யார் ஒளிய விரும்புகிறவர் என்று பார்க்கத் தொடங்கினால் கணித உத்தரவாதமே போய்விடும்.

எவ்வளவு குழப்புவது என்பது கணிதம் முடிவுசெய்யும் விஷயம் அல்ல. அதற்கு எப்சிலான் என்று ஒரு திருகாணி உண்டு: குறைத்தால் ரகசியம் இறுகும், கூட்டினால் எண் துல்லியமாகும். அலபாமா மாநிலம் இந்த முறையே கூடாதென்று வழக்குத் தொடுத்தது; நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. சிற்றூர்களின் எண்கள் சிதைகின்றன என்று ஆய்வாளர்கள் முறையிட்டார்கள். தொகுதி வரையறைக்கான தரவில் துறை கடைசியில் எப்சிலானை 19.61இல் நிறுத்தியது. கோட்பாட்டாளர்கள் பொதுவாக விரும்புவது 1ஐ ஒட்டிய மதிப்பு. அந்த அளவோடு பார்த்தால் இது தாராளம்தான். ரகசியத்தைவிடத் துல்லியத்துக்கே அதிகம் விட்டுக்கொடுத்த ஏற்பாடு, அப்படியும் மொனோவையில் ஓர் ஆள் கூடிவிட்டார்.